பெரேபாட் ஓடையில் ஓர் இடக்கை முடிச்சு

தெலோக் கெராங்
20 மே 1988

இதாமுக்கு,

உன் அண்ணன் பண்டாக் எழுதுவது. பதினான்கு வருடம் எழுதாதவன் எழுதுகிறானே, யார் செத்தார்கள் என்று பதறாதே. யாரும் சாகவில்லை. பாசம் பொங்கியும் எழுதவில்லை. இது ஊர் வேலை. இரண்டு வருடமாக நான்தான் ஊர்த் தலைவன். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நண்டு வாங்க வரும் யூசோப்தான் உன் முகவரியைக் கொடுத்தான். உன் ஜன்னலில் நின்றால் எங்கள் அடுப்புப் புகை தெரியும் என்றான். நடுவில் இருப்பது ஒரு மைல் தண்ணீர். துடுப்புப் போட்டால் ஒரு சுருட்டு அணைவதற்குள் வந்துவிடலாம். இந்தக் கடிதமோ ஜொகூர் பாரு போய், பாலம் தாண்டி, உன்னிடம் வர ஐந்து நாள் ஆகுமாம். இரண்டு நாடு ஆனதிலிருந்து எல்லாமே சுற்றுவழிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆறு ஓடைகளில் மூன்றின் மேல் மணலைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். இரண்டில் ஊரே போய் நண்டுக் கூடு வைக்கிறது. கிடைக்கும் நண்டு என் உள்ளங்கையைக்கூட மூடுவதில்லை. மிச்சம் இருப்பது பெரேபாட் ஓடை. அதன் வாயில், கண்டல் வேரில், நீப்பாப் பனையின் கீற்றை மடித்து நீ போட்ட கட்டு தொங்குகிறது. நீ போன அன்று காலையில் போட்டது. முடிச்சு, இடக்கைக்காரி உன் வழக்கப்படி, இடப்பக்கம் முறுக்கியிருப்பதால் யார் கட்டியது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கட்டு தொங்கும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது, கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் மழைக்கு முன் வந்து அவிழ்த்துவிட்டுப் போ. ஒரு காலை வேலை.

என் படகைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கேட்காமலே பதினான்கு வருடம் ஓட்டிவிட்டேன்.

சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

பண்டாக்


உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
29 மே 1988

அண்ணனுக்கு,

இங்கே என் பெயர் நூர் ஐனி. நீ இதாம் என்று எழுதியதால் தபால்காரர் எங்கள் மாடியில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். "இதாம்னு யாராச்சும் இருக்காங்களா?" என்று என்னிடமும் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. உறையில் உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் கையை நீட்டிவிட்டேன்.

யூசோப் சொன்னது உண்மைதான். எட்டாவது மாடி. துணி காயப்போடும் மூங்கிலை வெளியே நீட்டும்போதெல்லாம் உங்கள் கரை தெரியும். எட்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். உங்கள் பக்கத்து மரக்கூட்டத்தில் ஒரு துண்டு மட்டும் மற்றதைவிடக் கறுப்பாக, ஒரு ஆள் உயரம் அதிகமாக நிற்கிறது. அதுதான் பெரேபாட் ஓடை என்று எனக்குத் தெரியும். ஏன் அது மட்டும் அப்படி? உள்ளே நிற்கிற உங்களுக்கு இது தெரியாது. மேலேயிருந்து பார்த்தால்தான் தெரியும்.

வருவது பற்றி உடனே சொல்ல முடியாது. தையல் ஆலையில் விடுப்பு கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் ரஹ்மாத்துக்கு முழங்கால் வலி. அந்த ஓடை இன்னும் ஒரு வருடம் மூடியே இருந்தால்தான் என்ன?

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நீப்பாக் கீற்று ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. நான் போட்ட கட்டு பதினான்கு வருடம் எப்படித் தொங்குகிறது?

உன் தங்கை


தெலோக் கெராங்
8 ஜூன் 1988

இதாமுக்கு,

உனக்கு எத்தனை பெயர் வைத்தாலும் நான் இதாம் என்றுதான் எழுதுவேன். தபால்காரருக்கும் கொஞ்சம் நடை வேண்டும்.

என் எழுத்து கோணல் என்கிறாய். எட்டு வருடத்துக்கு முன் கொக்கியை விட்டுவிட்டு வளைக்குள் கையை விட்டேன். ஒரு கிழட்டு ஆண் நண்டு வலக்கைச் சுண்டுவிரலை நசுக்கிவிட்டது. அழுகிப் போய் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்ல ஆள் வைத்திருந்தால்தானே.

உன் கடிதத்தைச் செனினிடம் படித்துக் காட்டினேன். நம் அத்தை மகன் செனின்தான், இன்னும் அதே வாய். "மச்சான், உன் தங்கச்சி எட்டாவது மாடியில உக்காந்து நமக்கு மரம் எண்ணிக் குடுக்குறா. நண்டையும் அங்கேருந்தே எண்ணச் சொல்லு" என்றான். ஊரே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நீ சொன்ன அந்தக் கறுப்பு எனக்குள் ஏறிக்கொண்டது. நேற்றுக் கரையில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தேன். இங்கிருந்து எல்லாம் ஒரே பச்சைதான்.

காரணம் இல்லாமல் யாரும் ஓடையை மூடுவதில்லை. அப்பா மூடினால் சினை நண்டு, குஞ்சு நண்டு என்று ஏதாவது பார்த்திருப்பார். நீ அன்று என்ன பார்த்தாய்? அதைச் சொல்லாமலே போய்விட்டாய். பதினான்கு வருடமாக ஊர் அதைத்தான் பேசிப் பேசிப் பார்க்கிறது.

கட்டு எப்படித் தாங்குகிறது என்று கேட்டாய். தாங்குகிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பண்டாக்


உட்லண்ட்ஸ்
17 ஜூன் 1988

அண்ணனுக்கு,

விரல் போனதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கொக்கியை விட்டுக் கையை விடாதே என்று சின்ன வயதில் எனக்கு எத்தனை அடி கொடுத்திருப்பாய்! ரஹ்மாத்திடம் சொன்னேன், "பாவம்" என்றார். நான் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அன்று என்ன பார்த்தேன் என்று கேட்கிறாய். குஞ்சு நண்டு நிறைய இருந்தது. அதனால் மூடினேன்.

ஆனால் இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் கை வைக்க மாட்டேன். நீயும் கட்டைத் தாண்டிப் போகக்கூடாது. ஓடை வெளியே துப்புவதைப் பார்க்கலாம் அல்லவா? இந்த மாதக் கடைசியில் பௌர்ணமி. நீர் முழுக்க ஏறி முழுக்க வற்றும். வாய்க்கு வெளியே படகைக் கம்பில் கட்டிவிட்டு உட்கார். என்ன இலை வருகிறது, என்ன காய் வருகிறது, சேறு எப்படி மணக்கிறது, என்ன சத்தம் கேட்கிறது, எல்லாம் எழுது. காற்று உன் பக்கம் வீசினால் கண்ணை மூடிக்கொள். ஓரத்தில் அந்தத் தில்லை மரம் இன்னும் நிற்கும், பால் தெறித்தால் கண் போய்விடும். ஏற்கெனவே ஒரு விரல் குறைவு.

கட்டு விஷயம் என் மண்டையைக் குடைகிறது. கட்டு மக்கி விழுந்தால் கட்டியவர் செத்தவர் கணக்கு, ஓடை ஊருக்குப் பொது என்பார் அப்பா. இத்தனை வருடத்தில் அது விழுந்திருக்க வேண்டுமே. விழுந்திருந்தால் நீ எனக்கு எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எப்படித் தாங்குகிறது?

இதாம்


தெலோக் கெராங்
2 ஜூலை 1988

இதாமுக்கு,

எழுத எனக்குக் கடலின் ஓர் ஏற்றமும் ஒரு வற்றமும் ஆகின்றன. படிக்க நீ ஒரு தேநீர் குடிப்பாய். நியாயமே இல்லை.

பௌர்ணமியை ஒட்டி மூன்று காலை உட்கார்ந்தேன். கொசு தின்றது போக மிச்சம் இருக்கிறவன் எழுதுகிறேன். கண்டல் காய் வந்தது, முழ நீளத்தில், நல்ல பச்சையாக. முதல் நாள் நாற்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். பெரேபாட் மரத்துப் பூவின் வெள்ளை மயிர் தண்ணீர் முழுக்க மிதந்தது. உள்ளேயிருந்து சடசடவென்று ஒரு சத்தம், காய்ந்த எண்ணெயில் ஈர மீனைப் போட்டமாதிரி, வற்றம் முடியும்வரை நிற்கவே இல்லை. சேற்று நாற்றம் குறைவு. மற்ற இரண்டு ஓடைகளில் அழுகின முட்டை நாற்றம் மூக்கைப் பிடுங்கும், இங்கே அப்படி இல்லை.

ஆனால் இலை வரவில்லை. மூன்று நாளில் ஒரே ஒரு பழுத்த இலைகூட இல்லை. மற்ற ஓடைகளில் வற்றத்தின்போது மஞ்சள் இலை பாய் விரித்ததுபோல் வரும், உனக்கே தெரியும்.

செனின் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டான். "இலை விடாத மரம் செத்த மரம், மச்சான். மூடி மூடியே கொன்னுட்டா உன் தங்கச்சி. செத்த ஓடைக்கு எதுக்குக் கட்டு? மணல்காரன் கேக்குறான்ல, குடுத்துத் தொலைப்போம். பதிலுக்கு ஒரு படகுத்துறையாச்சும் கட்டித் தருவான்."

"செத்த மரம் எப்படிடா காய் விடும்?" என்றேன். "போன வருஷத்துக் காயா இருக்கும்" என்றான். வாய்ப்பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது.

நவம்பரில் மணல்காரர்கள் ஓடையை அளக்க வருகிறார்கள். ஊரில் பாதிப் பேர் இப்போது செனின் பக்கம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இலை எங்கே போகிறது?

பண்டாக்


உட்லண்ட்ஸ்
11 ஜூலை 1988

அண்ணா,

நான்கு நாள் ஆலையில் தையலைக் கோணலாகப் போட்டேன். மேற்பார்வைக்காரி, "சின்னம்மா, ஒங்க மனசு எங்க இருக்கு?" என்று கேட்டாள். ஓடையில் என்று சொன்னால் சாக்கடையில் என்று நினைப்பாள்.

ஐந்தாம் நாள் துணி காயப்போடும்போது அந்தக் கறுப்பைப் பார்த்தேன். அது பட்டினி கிடக்கிற மரத்தின் நிறமே இல்லை. நன்றாகத் தின்று கொழுத்த மரம். இலை விழாமல் இல்லை அண்ணா. விழுந்த இலை வெளியே வரவில்லை. உள்ளேயே செலவாகிறது! ஞாபகம் இருக்கிறதா, நம் படகுக் கூரையில் ஏறி வந்து அம்மா காயப்போட்ட கீரையைக் கிள்ளிக்கொண்டு ஓடுமே சின்ன மர நண்டு, கட்டைவிரல் அளவு, சிவப்புக் கொடுக்கு? அவைதான். விழுகிற இலையை ஏற்றம் வந்து தூக்குவதற்குள் வளைக்குள் இழுத்துவிடுகின்றன. நிறைய வளை இருந்தால் சேற்றுக்குள் காற்று போகும், நாற்றம் குறையும். நீயே மூக்கால் கண்டுபிடித்ததை எழுதிவிட்டு அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாய்.

சின்னது அத்தனை இருந்தால், அதைத் தின்கிற பெரியது எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

செனின் நம்ப மாட்டான். அவன் முன்னால் இதைச் செய். பழுத்த கண்டல் இலை ஒன்றை நூலில் கட்டி, கட்டுக்கு வெளியே ஓரச் சேற்றில் போடு. மற்ற ஓடையில் இன்னொன்று போடு. எது எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று பாருங்கள். எனக்கு உடனே எழுது.

இதாம்


தெலோக் கெராங்
1 ஆகஸ்ட் 1988

இதாமுக்கு,

இலை போட்டோம். மற்ற ஓடையில் போட்டது சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது. பெரேபாட் வாயில் போட்டதை நான் கையை எடுப்பதற்குள் நூலோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது இலைக்கு இரண்டு நண்டு சண்டை போட்டன. செனின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமல் இருந்ததை நான் என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும். இருக்கட்டும். நான் எழுத வந்தது வேறு.

முந்தாநாள் பெரிய ஏற்றம். வற்றும்போது ஓடையிலிருந்து ஒரு பலகை மிதந்து வந்தது. பாதி புழு தின்றது. படகின் முன்பக்க அணியத்துப் பலகை. அதில் நண்டுக் கொடுக்கும் மூன்று வெட்டும் செதுக்கியிருக்கிறது.

அது என் அடையாளம். வாய்ச்சியால் நான் வெட்டியது.

நீ என்னை ஆயிரம் கேட்டாய். நான் உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிங்கப்பூருக்கு ஓட்டிக்கொண்டு போன என் படகு பெரேபாட் ஓடைக்குள் எப்படி வந்தது?

பண்டாக்


உட்லண்ட்ஸ்
9 ஆகஸ்ட் 1988

அண்ணா,

குஞ்சு நண்டு எதையும் நான் பார்க்கவில்லை. பொய் சொன்னேன்.

ரஹ்மாத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும் நீ அன்று ராத்திரி ஊர் கேட்கச் சொன்னாயே, "அவன் மதத்துக்குப் போறவளோட கை இனி எங்க சட்டியில படக் கூடாது" என்று. நான் தூங்கவில்லை. விடியும் முன் உன் படகை எடுத்தேன். ரஹ்மாத் தன் மாமாவின் விசைப்படகோடு பெரேபாட் வாயில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். உன் படகை இழுத்துக்கொண்டு போனால் ரோந்துக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். அப்படியே விட்டால் ஏற்றம் கொண்டுபோய்விடும், இல்லாவிட்டால் எவனாவது எடுத்துக்கொள்வான். நீ அந்தப் படகுக்கு இரண்டு வருடம் உழைத்தாய். அதனால் ஓடைக்குள் முதல் வளைவு தாண்டி, பெரிய பெரேபாட் மரத்தில் கட்டினேன். திரும்பி வந்து வாயில் கட்டுப் போட்டேன். இந்தக் கடலில் அதைவிட நல்ல பூட்டு ஏது? கட்டைத் தாண்டி ஒருவனும் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாளில் உனக்குச் சொல்லி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் யூசோப் வந்து, "உன் அண்ணன் உன்னைப் படகுத் திருடின்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கான்" என்றான். திருடி என்று சொல்பவனிடம் போய் ஏன் சொல்ல வேண்டும், தேடட்டும் என்று இருந்துவிட்டேன். நீ எழுதுவாய், கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. ஒரு வருடம் போனபின் சொல்லப் பயம் வந்துவிட்டது. நண்டுக்காகப் போட வேண்டிய கட்டை என் காரியத்துக்குப் போட்டேன். ஊர் அதை மதித்துப் பட்டினி கிடந்திருக்கிறது. இதைவிடப் பெரிய திருட்டு எது? படகு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அதனால்தான் முழங்கால் வலி, விடுப்பு என்றெல்லாம் எழுதினேன். ரஹ்மாத்தின் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

இதாம்


தெலோக் கெராங்
14 செப்டம்பர் 1988

இதாமுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

பலகையை வீட்டு வாசலில் போட்டு வைத்திருந்தேன். மிஸ்னா அதன் மேல் உட்கார்ந்து லோக்கான் சிப்பி உடைக்கிறாள். "பதினாலு வருஷம் இந்தப் பலகையப் பத்தித் தினமும் கேட்டாச்சு. இப்பதான் முதல் தடவையா பிரயோஜனப்படுது" என்கிறாள். உனக்கு அண்ணியைத் தெரியாது. நீ போனபின் கட்டிக்கொண்டது. நீ இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணியிருப்பீர்கள்.

நீ செய்தது தப்பு. அதை மழுப்பி எழுத எனக்கு வராது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் உன்னை ஓடை வாயிலேயே நிறுத்தி வைத்திருப்பார். நான் உன்னைத் திருடி என்று சொன்னதும் தப்பு. சட்டியைப் பற்றிச் சொன்னது அதைவிடத் தப்பு. அன்று சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை விட்டுப் போன சொல்லை எந்தக் கொக்கி போட்டு இழுப்பது?

யாரிடமும் நான் சொல்லவில்லை. தலைவன் மறைத்தான் என்று நாளைக்கு ஆகக்கூடாது, அதனால் நீதான் சொல்ல வேண்டும். கட்டை அவிழ்க்கும் முன், ஊர் நிற்கும்போது, ஏன் மூடினாய் என்று உன் வாயால் சொல். பிறகு ஊர் என்ன சொல்கிறதோ அது. மணல்காரர்கள் வந்து சும்மா கிடக்கிற ஓடை என்று எழுதிக்கொள்வதற்குள் அதில் நம் கூடுகள் கிடக்க வேண்டும். அக்டோபர் அமாவாசைக்குக் காலையில் நல்ல வற்றம்.

வருவாயா?

பண்டாக்


உட்லண்ட்ஸ்
22 செப்டம்பர் 1988

அண்ணா,

வருகிறேன். அக்டோபர் 10, முதல் பேருந்தில். ரஹ்மாத்தும் வருகிறார். "நான் போய் நின்னா அடிப்பாங்களா?" என்று கேட்கிறார். செனின் பேசுவான், அது அடியைவிட மோசம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஓடைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை மட்டும் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

கடைசியாகக் கேட்கிறேன். கீற்று எப்படித் தாங்கியது? நான்கு கடிதமாக நழுவுகிறாய்.

இதாம்


உட்லண்ட்ஸ்
16 அக்டோபர் 1988

அண்ணா,

நீயும் அங்கேதான் நின்றாய். எல்லாவற்றையும் பார்த்தவனுக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்பாய். உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முழங்கால் ஆழச் சேற்றில் நின்று நான் சொல்லி முடித்தேன். முதலில் வாயைத் திறந்தது செனின். "அடிப் பாவி! படகைத் திருடிட்டா, படகைத் திருடிட்டான்னு உன் அண்ணன் பாடுன பாட்டைக் கேட்டுக் கேட்டு என் காது செவிடாச்சு. படகு இங்கயே கெடந்துருக்கு! எனக்கு யாரு காது குடுப்பா?" என்றான். கூட்டம் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் அவனே தண்டனையும் சொன்னான். முதல் நாள் பிடிக்கிறதை நானே அவித்து, என் கையாலேயே ஊருக்குப் போட வேண்டும்.

உள்ளே போனதும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு நிறையச் சேறு, அந்தச் சேற்றில் ஆள் உயரக் கண்டல், அதன் வேருக்கு அடியில் நாற்காலியில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்திருந்த பெரிய நண்டு! செனின் அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், உன் படகு குட்டி போட்டு ஊரையே காப்பாத்துது, இனி அழாதே" என்றான். நீ அழவில்லை என்று சொன்னாய். கண்ணில் தில்லைப் பால் பட்டது என்றாய். தில்லை மரம் அந்தப் பக்கம் இல்லை.

அண்ணி எனக்காகப் புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தாள். "இந்தச் சட்டிக்குப் பன்னியோட மொகமே தெரியாது, நீயும் உன் வீட்டுக்காரரும் தைரியமா சாப்பிடுங்க" என்றாள். அதில் கை வைத்து ஐம்பது பேருக்கு நண்டு போட்டேன். நீ உன் பங்கை வாங்க வந்தபோது என் கையைப் பார்க்கவில்லை. சட்டியைத்தான் பார்த்தாய்.

இப்போது சொல்ல வந்தது. கட்டை அவிழ்க்கத் தொட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. இடப்பக்கம்தான் முறுக்கியிருந்தது, என் முடிச்சு மாதிரியே. ஆனால் கீற்று இன்னும் மக்கத் தொடங்கவில்லை. ஒரு வருடம்கூட ஆகாத கீற்று. கடைசி மடிப்பு தளர்ந்து கிடந்தது. அந்த மடிப்பைச் சுண்டுவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். விரல் இல்லாதவன் போட்ட முடிச்சு அது.

அதை ஊர் முன்னால் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செனின் உடனே பிடித்துக்கொண்டிருப்பான். கடைசியாகக் கட்டியது நீ. அப்படியென்றால் திறக்கும் உரிமையும் உன்னுடையது. எந்த வருடமும், எந்த நாளும், நீயே அவிழ்த்திருக்கலாம். எனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பதினான்கு தடவை வந்து கட்டியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் உன் படகுக்கு ஐம்பது முழம் தள்ளி நின்றிருக்கிறாய். அந்த வளைவை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லையே, அண்ணா. ஏன் கட்டினாய்?

இதாம்


தெலோக் கெராங்
24 அக்டோபர் 1988

இதாமுக்கு,

எட்டிப் பார்க்கக்கூடாது என்பதுதானே கட்டு.

முதல் வருடம் மழை முடிந்ததும் சும்மா அந்தப் பக்கம் போனேன். கீற்று மக்கி ஒரு நாரில் தொங்கியது. அன்றைக்கோ மறுநாளோ விழுந்திருக்கும். விழுந்தால் ஊர் என்ன சொல்லும் என்று உனக்கே தெரியும். செத்தவள் கணக்கு. நான் உன்னைத் திருடி என்பேன், ஓடிப்போனவள் என்பேன், அதெல்லாம் என் வாய். ஊர் உன்னைச் செத்தவள் என்று சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. புதுக் கீற்று வெட்டி உன்னை மாதிரியே இடப்பக்கம் முறுக்கினேன். பாதிக் காலை ஆனது. அடுத்த வருடமும் போனேன். அப்புறம் பழகிவிட்டது. விரலை எடுத்த வருடம்தான் மிகவும் கஷ்டப்பட்டேன், பல்லால் இழுத்தேன்.

அதற்காக ஊர் பட்டினி கிடந்ததா என்று கேட்பாய். மணல் வரும்வரை ஐந்து ஓடை இருந்தன, யாருக்கும் குறை இல்லை. போன வருடம்தான் நெருக்கடி. அன்றைக்கே நான் அவிழ்த்திருக்க வேண்டும். போய் நின்றேன். கை வரவில்லை. அவிழ்த்துவிட்டால் உனக்கு எழுத ஒரு காரணமும் மிச்சம் இருக்காது. ஆக, நானும் கட்டை என் காரியத்துக்குத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். உன்னைத் திட்டிவிட்டு இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நேற்று ஊரில் இதையும் சொல்லிவிட்டேன். செனின் என்ன சொன்னான் என்று எழுத மாட்டேன், காகிதம் எரிந்துவிடும். எனக்கும் தண்டனை போட்டிருக்கிறான். ஒரு மாதத்துக்கு அவன் கூடுகளையும் நானே தூக்க வேண்டும்.

ஓடையில் இப்போது நாற்பது கூடு கிடக்கிறது. அளக்க வருகிறவர்கள் வரட்டும், வந்து காலை வைத்துப் பார்க்கட்டும். ஆனால் எல்லாரும் எல்லா இடத்திலும் வைத்தால் இரண்டு வருடத்தில் இதுவும் மற்றது மாதிரி ஆகிவிடும். படகு கிடக்கிற வளைவுக்கு மேலே உள்ள பாதியை மூடிவிடலாம் என்று ஊரில் பேசி முடித்தோம். இந்தத் தடவை நண்டுக்காக, உண்மையான கட்டு. யார் கட்டுவது என்று கேட்டார்கள். இடக்கைக்காரிதான் என்றேன்.

வருடம் ஒரு தடவை மக்கும். வருடம் ஒரு தடவை நீயே வந்து மாற்ற வேண்டும். எனக்கு விரல் இல்லை.

கீற்று வெட்டி நிழலில் போட்டிருக்கிறேன். காய்வதற்குள் வா.

பண்டாக்